ஃப்ளஷ் டேங்கில் பொங்கிய நுரை

சிட்லபாக்கம்

அன்புள்ள மிருதுளாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், இந்த வார்த்தையை இன்றைக்குத்தான் பயமில்லாமல் எழுதுகிறேன். புனே குளிரில் உன் இருமல் விட்டதா? போனில் "ஏம்மா டல்லா இருக்கே" என்று கேட்டாயே, மழுப்பிவிட்டேன். விஷயம் இதுதான். போன வாரம் அப்பா மட்டும் புழங்கும் டாய்லெட்டில், அவர் போய்விட்டு வந்த பிறகு வெள்ளையாக நுரை நின்றது. சிறுநீர் நுரைத்தால் கிட்னிக் கோளாறாக இருக்கலாம் என்று எங்கோ படித்திருக்கிறேன், உன் தாத்தா டயாலிசிஸுக்கு அலைந்தது வேறு கண்முன் வந்துவிட்டது. அப்பாவிடம் சொல்ல வாயே வரவில்லை. உப்பைக் குறைத்தேன், ஊறுகாயை ஒளித்தேன், காபியை நிறுத்தினேன். "வீடா ஜெயிலா கோகிலா இது?" என்று புலம்பிக்கொண்டே சாப்பிட்டார் பாவம். பருப்பு கொதிக்கையில் திரளும் நுரை, இட்லி மாவில் பொங்குவது, அவர் ஷேவ் பண்ணும் கன்னம், மழைக்கு ஏரிக் கால்வாயில் பஞ்சு பஞ்சாக மிதந்து போவது, எதைப் பார்த்தாலும் அந்த டாய்லெட்தான் ஞாபகம் வந்தது.

கீழ் வீட்டு ஜெரூஷா தாம்பரத்தில் லேபில் இருக்கிறாள் அல்லவா, சும்மா செக்கப் என்று அப்பாவிடம் சொல்லி அவளிடம் சாம்பிள் கொடுத்தனுப்பினேன். இன்று சாயங்காலம் படியேறி வந்து, "அக்கா, அண்ணனுக்கு எல்லாம் நார்மல், நீங்கதான் பிரஷர் பாத்துக்கணும்" என்று சிரிக்கிறாள்! நான் நம்பவில்லை, சாம்பிள் மாறியிருக்கும் என்று நினைத்தேன். அப்போது அப்பா ஆபீசிலிருந்து வந்திருக்கவில்லை, அவர் டாய்லெட்டைக் கழுவலாம் என்று ஃப்ளஷ் பண்ணினால் வாஷிங் மெஷின் மாதிரி நுரை பொங்குகிறது மிருது! டேங்க் மூடியைத் திறந்தால் மல்லிகை வாசனை. அப்பா வந்ததும் பிடித்துக்கொண்டேன். "தெருவுல வர்ற வண்டிக்காரன்கிட்ட வாங்கின சோப் ஆயில்தான், ஒரு வாரமா தினம் கொஞ்சம் டேங்க்ல ஊத்தி வெக்கிறேன், உனக்குக் கழுவுற வேலை மிச்சம்னு" என்கிறார் பெருமையாக. முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கத்தினேன். "நுரைன்னு நீ ஒரு வார்த்தை சொன்னியா? சும்மா சோத்துல உப்பைப் புடுங்கினே!" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

உடனே டிகாஷன் இறக்கி, நன்றாக ஆற்றி, டம்ளர் விளிம்பைத் தாண்டி நுரை நிற்கக் காபி கொடுத்தேன். குடித்துவிட்டு மீசையில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். துடைக்கச் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது அவர் குறட்டை விடுகிறார், எனக்குத்தான் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

இந்தப் பார்சலில் பருப்புப் பொடி இருக்கிறது, ஈரக் கரண்டி போடாதே. நல்ல ஆரோக்கியத்தோடு, நினைத்ததெல்லாம் நடந்து நூறு வருஷம் இரு கண்ணு. உடம்புக்கு எதுவானாலும் எங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடு, நாங்கள் மறைத்த லட்சணத்தைத்தான் பார்த்தாயே.

உன் அம்மா,
கோகிலவாணி தயாளன்