பனிக்குடம், ஆங்கில எழுத்தில்

ஜூன் 4, திங்கள்

தூறல். காயப்போட்ட துணி மறுபடி வீட்டுக்குள். நாற்காலி முதுகெல்லாம் இவருடைய பனியன்.

ஆனந்த் என் வாக்கியத்தை வெட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறான். "மிஸ், ஒன் சிக்ஸ்டி தாண்டுது." ஒரு மெசேஜுக்கு நூற்றி அறுபது எழுத்துதான். அதுவும் ஆங்கில எழுத்தில் தமிழ். வாங்குகிறவர்களின் பழைய போனில் தமிழ் அனுப்பினால் கட்டம் கட்டமாகத் தெரியுமாம். ரிடையர் ஆகிச் சும்மா இருக்கிறேன் என்று ஆனந்தின் அமைப்பில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கர்ப்பிணிகளின் கணவர்களுக்கு மெசேஜ் எழுதுவது, அவர்கள் சந்தேகம் கேட்டால் போனில் பதில் சொல்வது. இத்தனை வருடம் தமிழ் நடத்திவிட்டு இப்போது ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே l. zh போட்டால் யாருக்கும் புரியாதாம்.

எதை அனுப்பினாலும் அப்பாக்களிடமிருந்து ஒரே பதில்: OK. இரும்புச்சத்து மாத்திரை, OK. மனைவியிடம் எரிந்து விழாதீர்கள், OK. வகுப்பில் எவன் வேகமாகத் தலையாட்டுகிறானோ அவனைத்தான் முதலில் எழுப்பிக் கேள்வி கேட்பேன். இங்கே யாரை எழுப்புவது?

வாங்க: ரவை, ரீசார்ஜ் கார்டு, இவருக்கு பி.பி. மாத்திரை.

ஜூன் 6, புதன்

மேகமூட்டம். முழங்கால் வலி.

இன்று போன மெசேஜ்: Pani kudam udainthal, vali illavittalum udane hospital sellavum. பனிக்குடத்துக்காக ஆனந்திடம் வாதாட வேண்டியிருந்தது. அவன் 'வாட்டர் பிரேக்' போடலாம் என்றான். தமிழில் இவ்வளவு அழகான சொல் இருக்கும்போது எதற்கு? ஜெயித்தேன்.

மாலையில் செல்வத்தின் மிஸ்டு கால். காசு போட்டு யாரும் கூப்பிடுவதில்லை. நான்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும். செல்வம் சந்தாபுராவில் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். மனைவி கோகிலாவுக்கு ஒன்பதாம் மாதம், தலைப்பிரசவம். காதல் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு இல்லை. வளைகாப்பும் இல்லை, தாய்வீடும் இல்லை. பக்கத்தில் விவரம் தெரிந்த பெண் ஒருத்தி கிடையாது. மற்ற வீடுகளில் மெசேஜ் புரியாவிட்டால் ஒரு அம்மா இருப்பாள், அத்தை இருப்பாள். இந்த வீட்டில் மெசேஜ்தான் எல்லாம். அதனால் இவனை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

"மெசேஜ் பாத்தேன் டீச்சர். அவள இனிமே குடத்தத் தொடவே உடறதில்ல. நானே தண்ணி புடிச்சு வெச்சிட்டுதான் டூட்டிக்குப் போறேன்."

நல்ல பிள்ளை என்று பாராட்டினேன். மற்றவர்களுக்கு இவனை உதாரணமாகச் சொல்ல வேண்டும்.

ஜூன் 9, சனி

காலையில் காபி வைக்கும்போது செல்வத்தின் மிஸ்டு கால். கேட்டது பப்பாளியைப் பற்றி. பக்கத்து வீட்டில் கொடுத்தார்களாம், அவள் சாப்பிடலாமா என்று. வேண்டாம் என்றேன். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். நேற்று சாயந்திரத்திலிருந்து கோகிலாவுக்குப் பாவாடை நனைந்துகொண்டே இருக்கிறதாம். ஒன்றுக்கு அடக்க முடியவில்லை என்று வெட்கப்படுகிறாளாம். வலி இல்லையாம். இவன் டூட்டிக்குக் கிளம்புகிறானாம்.

"செல்வம், அது பனிக்குடம் உடைஞ்சது. மெசேஜ் போட்டேனே, படிக்கலையா?"

"படிச்சேன் டீச்சர். கொடம் ஒண்ணும் ஒடையலியே."

அடுப்பை அணைத்தேன். பானி குடம். இந்தி கலந்த இந்தக் கன்னட ஊரில் பாதிப் பேருக்குத் தண்ணீர் என்றால் பானி. தண்ணீர்க்குடத்தோடு வழுக்கி விழுந்து குடம் உடைந்தால், 'வழி' இல்லாவிட்டாலும் எப்படியாவது ஆஸ்பத்திரிக்குப் போ என்று படித்திருக்கிறான். படித்தபடி ஒழுங்காக நடந்தும் இருக்கிறான். நான் பாராட்டினது வேறு.

டூட்டி வேண்டாம், அந்த வேனிலேயே அவளை ஏற்று, இப்போதே என்றேன். கத்திவிட்டேன் போல. இவர் முகத்தில் சோப்போடு வந்து எட்டிப் பார்த்தார்.

மதியம். செய்தி இல்லை. கூப்பிட்டால் சுவிட்ச்டு ஆஃப். ராத்திரி முழுக்க நீர் போயிருக்கிறது. உள்ளே கிருமி போனால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

இவரிடம் அதே மெசேஜைக் காட்டினேன். கண்ணாடி போட்டு, தூரத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். "பானி குடமா? யார் வீட்டுக் குழாய்ல சண்டை?" மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன்.

ரசத்தில் உப்பு போடவில்லை. இவரே எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்துவந்தார்.

ஜூன் 10, ஞாயிறு

பிரசங்கத்தின் நடுவில் கைப்பையில் போன் அதிர்ந்தது. முன்வரிசையிலிருந்து எழுந்து வெளியே மரத்தடிக்குப் போனேன். பாஸ்டரம்மா பார்த்தார்கள். பார்க்கட்டும்.

செல்வம். பெண் குழந்தை. ஆபரேஷன். கோகிலாவுக்குக் காய்ச்சல், ஊசி போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குழந்தையை ராத்திரி கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, இன்று காலைதான் தாயிடம் கொடுத்தார்களாம். பால் குடிக்கிறதாம்.

கொஞ்சம் தாமதித்திருந்தால் குழந்தை தங்கியிருக்காது என்று டாக்டர் கன்னடத்தில் திட்டினாராம். "நான்தான் மெசேஜ தப்பாப் படிச்சிட்டேன்னு சொல்லிட்டேன் டீச்சர்."

நீ தப்பாகப் படிக்கவில்லை என்றேன். ஒரு வகுப்பே ஒரு கேள்விக்கு ஒரே தப்பான விடை எழுதினால் கேள்வித்தாளைத்தான் திருத்த வேண்டும் என்று விளக்கினேன். "ஓகே டீச்சர்" என்றான்.

மரத்தடியிலேயே நின்றிருந்தேன். உள்ளே கடைசிப் பாட்டு முடியும்வரை போக முடியவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

ஜூன் 11, திங்கள்

நல்ல மழை. கரண்ட் வருவதும் போவதுமாக.

கோகிலாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாம்.

ஆனந்திடம் சண்டை. புது வாக்கியம் எழுதிக் கொடுத்தேன்: Pavadai nanainthal udane hospital pogavum. சின்னப் பையனுக்கும் புரியும். சொல்லும் சுருக்கம், எழுத்தும் மிச்சம். அவன் நெளிகிறான். "மிஸ், பாவாடைன்னெல்லாம் ஜென்ட்ஸுக்கு எப்படி மிஸ் அனுப்பறது? டீசன்ட்டா இருக்காது." பிள்ளை பெறுவதில் எது டீசன்ட், சொல், அதையே எழுதித் தருகிறேன் என்றேன். மதியம் அனுப்பிவிட்டான்.

நாலைந்து OK வந்தது. எரிச்சல்.

விளக்கு வைக்கிற நேரம் ஒரு மிஸ்டு கால். புது நம்பர். திருப்பிக் கூப்பிட்டேன். அத்திப்பள்ளிப் பக்கம், கல் உடைக்கிற வேலை, மனைவிக்கு எட்டாம் மாதம்.

"டீச்சர், என் பேர் போட்டு மெசேஜ் வந்திருக்கு."

உங்கள் பேர் என்ன என்று கேட்டேன்.

"பாவாடை, டீச்சர். தெனம் மழையில நனஞ்சிட்டுதான வேலைக்குப் போறேன். எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"