மாடியில் மூன்றாவது அறை

வினிபெக்,
மார்ச், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள டார்லாவுக்கு ரொவீனா எழுதுவது.

நான் நலம். இதை உன் வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை பார்க்கும் பேக்கரிக்கு அனுப்புகிறேன். காரணம் உனக்குத் தெரியும்.

நம் இளைஞர் மையம் அப்படியேதான் இருக்கிறது. பகலெல்லாம் கூடைப்பந்து, பெரிய பானையில் மான்கறி சூப், வியாழக்கிழமை எல்லாரும் சுற்றி உட்கார்ந்து முரசடித்துப் பாடுவது. லோர்னா அத்தை இன்னும் எல்லாரையும் திட்டிக்கொண்டேதான் சோறு போடுகிறாள்.

பிப்ரவரியில் ஒரு மதியம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கைரா என்ற பெண்ணையும் இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளையும் இறக்கிவிட்டுப் போய்விட்டது. பைகளில் அவள் துணிமணி. அன்று அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது. அதனால் அரசாங்கம் சேர்த்துவிட்டிருந்த வளர்ப்பு வீட்டில் இனி இடமில்லை. நாம் இரண்டு பேரும் அதே வாசலில் அதே மாதிரிப் பைகளோடு நின்றவர்கள்தானே.

அத்தை விடுதி விடுதியாகப் போன் போட்டாள். எங்கும் இடமில்லை. வெளியே மூக்கு உறையும் குளிர். மாடியில் உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறைகள் உனக்கு நினைவிருக்கும். நான் யாரையும் கேட்கவில்லை. கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கூட்டிப் போய் ஓர் அறையைக் காலி செய்தேன். கைராவும் சேர்ந்து கூட்டினாள். "இவ்வளவு தூசியா? என் பிறந்த நாளுக்கு நல்ல பரிசு குடுக்குறீங்க" என்றாள். அவள் சிரித்த பிறகுதான் எல்லாரும் சிரித்தோம்.

செய்தி கேட்டு மையத்தின் நிர்வாகக் குழுத் தலைவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறி வந்தார்.

"யாரைக் கேட்டு இதெல்லாம் செஞ்சீங்க?"

"என்னையும்தான் இந்த வாசல்ல இறக்கிவிட்டாங்க. அவங்க யாரைக் கேட்டாங்க?" என்றேன்.

என் குரல் நடுங்கவில்லை, டார்லா.

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ரொவீனா, தீப்பிடிச்சா இங்கேயிருந்து எறங்க வழி கெடையாதும்மா. அதான் என் பயம்" என்றார். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. "அப்ப வெளிப்பக்கமா ஒரு படிக்கட்டு கட்டுங்க. அதுவரைக்கும் இவ என் வீட்டுல இருக்கட்டும். ஆனா இல்லேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள் அத்தை.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. வெல்டிங் வேலை தெரிந்த நம் பையன்களே இரும்புப் படிக்கட்டு வைத்தார்கள். நகராட்சி அதிகாரி ஏறி இறங்கிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டார். இப்போது மாடியில் மூன்று அறைகள். பொறுப்பு என்னிடம். முதல் அறை கைராவுக்கு. இரண்டாவது எனக்கு. "மேடம் விடுற கொறட்டையில செவுரே விரிஞ்சுடும்" என்று அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

மூன்றாவது அறையில் யாரை வைக்கலாம் என்று தலைவர் கேட்டார். ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் போனில், "அவன் தூங்குறான், மெதுவாப் பேசு" என்றாய். பேச்சு ஏன் குழறுகிறது என்று கேட்டதற்கு, பனியில் வழுக்கி விழுந்து உதடு கிழிந்ததாகச் சொன்னாய். கிறிஸ்துமஸின்போதும் இதையேதான் சொன்னாய். நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. இங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.

உன் ஊர் தண்டர் பேயிலிருந்து இங்கே பஸ் வரும் நேரம் எனக்குத் தெரியும். பை எதுவும் கட்டவேண்டாம். பேக்கரிக்குப் போவது போலவே கிளம்பு. கட்டிலில் புதுப் போர்வை விரித்திருக்கிறேன். கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. நானே இழுத்துப் பார்த்தேன். உறுதியாக இருக்கிறது.

நம்மைப் படைத்தவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்
ரொவீனா