இறுகாத கொங்கிறீற்

கிண்ணியா
19.10.2024

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். மாமியும் நானும் சுகம். உங்கள் சுகத்துக்குத் துஆ கேட்கிறோம். போனில் கதைத்தால் வீடே காது கொடுத்துக் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன், சிரிக்காதீர்கள்.

கட்டுமானச் செயற்திட்ட முகாமைத்துவம் படி, படி என்று நின்றீர்களே, வகுப்புகள் முடிந்துவிட்டன. இனி சைட்டில் பயிற்சி. உங்கள் காக்கா சரீப், தம்பி பெண்சாதி என்று தன்னுடைய வேலையிலேயே சேர்த்துக்கொண்டார். துறைமுகத்துக்குக் கிட்ட மூன்று மாடி விடுதி. வருகிறவர்களிடம் எல்லாம் "இது எங்கட வீட்டு எஞ்சினியர்" என்கிறார். வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோசமாகவும் இருக்கிறது.

கம்பி கட்டுகிற இராசையா அண்ணன் சாம்பல்தீவுக்காரர். ஆண்களுக்கு நடுவில் சாப்பிட நான் கூச்சப்பட்டதைப் பார்த்துப் பலகையால் ஒரு மறைப்பு அடித்து, உள்ளே கதிரையும் போட்டுத் தந்தார். "மேடம், இது உங்கட ஒபீஸ்" என்றார். அவர் மனைவி புஸ்பராணி கொடுத்துவிடுகிற கணவாய்க் கறியில் எனக்கும் பங்கு வருகிறது.

போன மாதம் நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. மறந்துபோனீர்களா?

உங்கள்
சனூஸா


டோஹா
10.11.2024

என் சனூஸாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மறக்கவில்லை. வெயில் குறைந்ததும் வேலையைக் கூட்டிவிட்டார்கள். அறைக்கு வந்தால் சாப்பிடாமலே நித்திரை.

நான் போர்மன் என்று பேர்தான். படித்த கடதாசி கையில் இல்லாததால் நேற்று வந்தவனும் அதட்டுகிறான். உனக்கு அது நடக்கக்கூடாது. நீ டிப்ளோமாவை எடு. நான் வந்ததும் நம் இருவர் பெயரிலும் ஒரு கொம்பனி.

காக்கா சொல்வதைக் கேட்டு நட. வாப்பா கடலில் மௌத்தானபோது எனக்கு நடக்கவே தெரியாது. பள்ளிக்கூடத்தை விட்டுக் கல் சுமந்து என்னை வளர்த்த மனிசன். கோபத்தில் ஏதும் சொன்னாலும் மனதில் வைக்காதே.

உன்
நஸ்ரி


கிண்ணியா
08.12.2024

மச்சான்,

இராசையா அண்ணன் வியாழக்கிழமை செத்துப்போனார்.

இரண்டாம் மாடிக்குச் சிலாப் போட்ட நாளிலிருந்து மழை விடவில்லை. கொங்கிறீற் இறுகவில்லை. காக்கா அதைத் தாங்கி நின்ற முட்டுகளைக் கழற்றி, பாலையூற்றில் எடுத்திருக்கிற வேலைக்கு ஏற்றச் சொன்னார். "இன்னும் ஒரு கிழமை நிக்கட்டும், இப்ப கழட்டினா தாங்காது" என்று நான் சொன்னேன்.

"புத்தகத்தை மூடி வை புள்ள. பாலையூற்றுக்காரனுக்கு நீயா பதில் சொல்லப்போறாய்?" எல்லோருக்கும் முன்னால்தான் கேட்டார்.

இராசையா அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு காக்காவைப் பார்த்தார். சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சிலாப் விழுந்த சத்தம் பெரிதாக இல்லை, சீமெந்து மூட்டையை இறக்கியது மாதிரி. எல்லாம் ஈரம், தூசுகூட எழும்பவில்லை. கையால் தோண்டினோம். கொஞ்ச நேரம் அவருடைய குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "நான் சொல்லாம அவனாக் கழட்டினவன். நீயும் அப்பிடித்தான் சொல்லவேணும்." அவர் போன பிறகு புஸ்பராணி அக்கா வந்து என் கையைப் பிடித்தா.

"தங்கச்சி, அவர் தன்ர எண்ணத்துக்கா கழட்டினவர்? அவர் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லையே."

நான் கையை விடுவித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். விசாரணை வருகிறது. என்ன செய்ய, சொல்லுங்கள்.

சனூஸா


டோஹா
18.12.2024

அன்பு சனூஸா,

காக்கா போனில் அழுதார். அவர் அழுது நான் கேட்டதே இல்லை.

இராசையாவை நினைக்க எனக்கும் கவலைதான். ஆனால் நீ எதைச் சொன்னாலும் அந்த மனிசன் திரும்பி வரப்போவதில்லை. காக்காவைப் பிடித்து மறியலில் அடைத்தால் உம்மா தாங்கமாட்டா. அந்தக் குடும்பத்தைத் தான் பார்ப்பதாகக் காக்கா சொல்கிறார். உன் பயிற்சிக்குக் கையெழுத்து வைக்கவேண்டியவரும் அவர்தான். அவர் சொன்ன மாதிரியே சொல்லிவிடு. எனக்காக.

நஸ்ரி


மூதூர்
14.01.2025

அன்புள்ள மச்சான்,

விசாரணையில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். பொலிஸ்காரர் திருப்பிக் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். காக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை மறியலில் வைத்திருக்கிறார்கள்.

மாமி என் உடுப்புகளை வாசலில் வைத்தா. நான் சண்டை பிடிக்கவில்லை. வாப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். பயிற்சிக்குக் கையெழுத்து இல்லை, அதனால் டிப்ளோமாவும் இல்லை. பொய் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். பிறகு நானும் ஒரு சைட்டில் நின்று யாரையோ உள்ளே போகச் சொல்லியிருப்பேன்.

சாம்பல்தீவுக்குப் போனேன். புஸ்பராணி அக்கா கதவைத் திறந்தா. "அண்டைக்கே ஏன் சொல்லேல்ல?" என்று மட்டும் கேட்டா. இருக்கச் சொல்லவும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் போன் எடுப்பதில்லை. கோபம் என்றால் ஏசியாவது எழுதுங்கள்.

உங்கள்
சனூஸா


டோஹா
09.02.2025

சனூஸா,

நீ பொய் சொன்னாய் என்று உம்மா சொல்கிறா, நான் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. இறுகாத சிலாப்பில் முட்டுகளைக் கழற்றினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? காக்கா போனில் சொன்னபோதே விளங்கிவிட்டது. விளங்கிக்கொண்டுதான் உன்னை அப்படிச் சொல்லச் சொன்னேன்.

அடுத்த மாதம் லீவு. மறியலுக்குப் போய்க் காக்காவைப் பார்ப்பேன். அவரைப் பார்த்துவிட்டு உன் முன்னால் வந்து இருக்க என்னால் ஏலாது. மூதூருக்கு வரமாட்டேன். தலாக் விஷயத்தைப் பள்ளிவாசலில் உன் வாப்பாவோடு கதைத்து முடித்துக்கொள்கிறேன்.

உன்னில் பிழை இல்லை.

நஸ்ரி