கடைசி நிறுத்தத்தில் பண்பாட்டு நாள்

மே 3

இன்றைய சாதனை: லிஃப்ட் பொத்தானுக்கு மேல் ஒரு அறிவிப்பு ஒட்டினேன். 'குரலில் இயங்கும் புதிய வசதி. மாடி எண்ணைச் சத்தமாகச் சொல்லவும்.' படிக்கட்டு மறைவில் நின்று பார்த்தால், முதல் போணி எங்கள் அத்தை. "நாலு!" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. "நாலாவது மாடி!" அப்புறம் கோபமாக, "ஏம்பா, நாலுன்னு எத்தனை தடவை சொல்றது?" லிஃப்டை 'ஏம்பா' என்று கூப்பிட்ட முதல் மனுஷி அத்தையாகத்தான் இருக்கும்.

சிரித்தேன், மாட்டினேன். அம்மா சொன்னாள்: "வம்புன்னு செல்லமா பேர் வச்சது தப்பாப் போச்சு. அதையே உத்தியோகமா எடுத்துக்கிட்டா."

உத்தியோகம்தான். அப்பா பஸ் ஓட்டுகிறார், நான் ஆட்களை ஓட்டுகிறேன். பரம்பரைத் தொழில்.

மே 5

பண்பாட்டு நாளுக்கு அப்பாவுக்கு இந்த வருஷமும் டியூட்டி. நாட்டுக்கே விடுமுறை, அவருக்கு மட்டும் விடாமுறை.

அன்றைக்கு ஊர் முழுக்கப் பாயும் கூடையுமாகப் பெரிய மைதானத்துக்குக் கிளம்பும். பாட்டு, ஆட்டம், பட்டம். நாங்களும் அப்பா பஸ்ஸில்தான் போவோம். இறங்கும்போது கண்ணாடி வழியாக ஒரு கையாட்டல். அப்பாவின் பண்பாட்டு நாள் அதோடு முடிந்தது. கேட்டால், "ஊரையே கொண்டுபோய் இறக்கிவிடறேன், நான் போகலைன்னு யார் சொன்னது?" என்பார். வார விடுப்பு நாளிலோ மனுஷனைப் பாயிலிருந்து பிரிக்க முடியாது. பசை போட்ட மாதிரி தூக்கம்.

அக்காவுக்கு அடுத்த மாதம் தூர ஊரில் வேலை. நாங்கள் ஐந்து பேரும் ஒரே பாயில் உட்கார்ந்த பண்பாட்டு நாள் எனக்கு ஞாபகமே இல்லை. இந்த வருஷம் விட்டால் அப்புறம் எப்போது?

விடமாட்டேன்.

மே 6

வந்துவிட்டது! பல் தேய்க்கும்போது வந்தது!

கோயிலுக்கு வர முடியாதவர்களுக்காகத்தானே தேர் தெருவுக்கு வருகிறது? அப்பா மைதானத்துக்கு வர முடியாவிட்டால் பாயை அப்பா இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். அவர் பஸ் திரும்புகிற கடைசி நிறுத்தத்தில், நேரக்காப்பாளர் கொட்டகைக்குப் பின்னால், ஒரு புல் மேடு இருக்கிறது. ஒவ்வொரு ட்ரிப்புக்கு நடுவிலும் அவருக்குக் கொஞ்சம் ஓய்வு. அந்த ஓய்வுதான் எங்கள் விழா!

அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது. பாயைப் பார்த்து அவர் வாய் பிளப்பதை நான் பார்க்க வேண்டும்.

மே 7

குடும்பக் கூட்டம். படுதோல்வி.

அக்கா: "மொட்டை மாடிக்கு யானை வந்திருக்குன்னு சொன்னவதானே நீ? நான் செருப்புகூடப் போடாம ஏறினேன்."

அத்தை: "லிஃப்டோட பேசினதே இந்த ஜென்மத்துக்குப் போதும்டி. இனி பஸ் ஸ்டாண்டுல போய்ப் புல்லோட பேசணுமா?"

அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, "பாயைத் தூக்கிட்டு அங்க போனா, நீ இங்க இருந்து சிரிப்பே" என்றாள்.

புலி வருது, புலி வருது என்று சொன்னவளுக்கு இதுதான் கதி. ஆனால் இந்தத் தடவை புலி நிஜம். எப்படி நிரூபிப்பது? ஒரே வழி. விழா வரைக்கும் வம்பு விரதம்.

மே 9

விரதம் உயிரை வாங்குகிறது. அத்தை கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் வீடு முழுக்கத் தேடினார். பழைய நானாக இருந்தால் நானும் சேர்ந்து கட்டிலுக்கு அடியில் தேடியிருப்பேன். "தலையில இருக்கு அத்தை" என்றேன். அத்தை பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுரமாம்.

மே 11

பள்ளி விட்டதும் கடைசி நிறுத்தத்துக்குப் போனேன். நல்லவேளை, அப்பா பஸ் அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது. நேரக்காப்பாளர் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, ஆறிய டீயை இன்னும் சூடு என்று நம்பி ஊதிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இது பஸ் நிக்கிற இடம்மா. பந்தி போடுற இடமில்ல."

"பஸ் மேல பந்தி போடல சார், புல்லு மேலதான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ நம்ம டிரைவரோட சின்னப் பொண்ணுதானே? வாயிலயே தெரியுது." அப்புறம் எட்டிப் பார்த்து, "அந்த வெள்ளைக் கோடு வரைக்கும்தான் என் ராஜ்யம். அந்தப் பக்கம் நீ யானையே கட்டிக்கோ" என்றார்.

யானைக் கதை டிப்போ வரைக்கும் போயிருக்கிறது! அப்பா என்னைப் பற்றி அங்கே பேசுகிறார்! (கொஞ்சம் பெருமை. கொஞ்சம்தான்.)

ஒன்று மட்டும் எச்சரித்தார். விழா நாளில் கூட்டத்தால் பஸ் தாமதமாகும், தாமதமான நேரமெல்லாம் டிரைவரின் ஓய்விலிருந்துதான் போகும். "சில ட்ரிப்புல இறங்கி நிக்கக்கூட முடியாது. பார்த்துக்கோ."

பார்த்துக்கொள்கிறேன்.

மே 14

அம்மா திடீரென்று, "அந்தப் புல்லுல எறும்பு இருக்குமா?" என்று கேட்டாள்.

ஜெயித்துவிட்டேன்!

மே 16, பண்பாட்டு நாள்

எழுதக் கை பரபரக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் வேறு பஸ் பிடித்து கடைசி நிறுத்தம் போனோம். பெரிய பாய், சோறு, முட்டை, பழம், அக்கா ஒட்டிய சிவப்புப் பட்டம். மேட்டில் நல்ல காற்று. பட்டம் கேட்காமலே ஏறியது. அத்தை முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றிப் புல்லில் கால் நீட்டி, "பரவாயில்லடி, மைதானத்துல இந்த இடம் கிடைக்காது" என்றார்.

டிரைவர் இருக்கையிலிருந்து மேடு தெரியாது. அதுதான் எனக்கு வசதி. எல்லாரையும் கொட்டகைக்குப் பின்னால் உட்காரவைத்து, நேரக்காப்பாளரிடம் சொல்லிவைத்தேன்: "அப்பா வந்ததும், உங்க குடும்பம் பின்னாடி காத்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க சார்." அப்பா சுற்றிக்கொண்டு வருவார், நாங்கள் கத்துவோம். என் திட்டத்தில் ஓட்டையே இல்லை.

பஸ் வந்தது. காத்திருந்தோம். பஸ் கிளம்பிப் போய்விட்டது!

ஓடிப் போய்க் கேட்டேன். நேரக்காப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். "சொன்னேன்மா. 'என் சின்னவ சொல்லச் சொன்னாளா? போன மாசம் டிபன் பாக்ஸுல செங்கல்லை வச்சு அனுப்பினா. இனி ஏமாறமாட்டேன்'னு சொல்லிட்டு சீட்டுலயே உட்கார்ந்து ரொட்டியைத் தின்னுட்டுப் போயிட்டார்."

நான் சம்பாதித்த பேருக்கு நானே பலி. மேட்டுக்குத் திரும்ப வெட்கமாக இருந்தது. சொன்னேன். அத்தை உடனே செருப்பைத் தேடினார். "சரி, மைதானத்துக்காவது போவோம். ஆட்டமாவது பார்க்கலாம்."

அக்கா பட்ட நூலை விடவில்லை. "அடுத்த ட்ரிப் வருவார்ல? நான் இருக்கேன். நீங்க போங்க."

அம்மா சோற்றுப் பாத்திரத்தை மூடி, மேலே துணி போட்டுக் கட்டினாள். "எல்லாரும் சேர்ந்துதான்."

அத்தை செருப்பை மறுபடி கழற்றினார்.

வெயில் ஏறியது. பசித்தது. பஸ் தாமதம், ரொம்பத் தாமதம். ஓய்வு முழுக்கக் கரைந்திருக்குமோ? இந்தத் தடவை மறைவு கிடையாது. வெள்ளைக் கோட்டில், டிரைவர் ஜன்னல் வந்து நிற்கிற இடத்தில், நான் நின்றேன்.

பஸ் வந்து நின்றது. அப்பா குனிந்து பார்த்தார்.

"அப்பா, அம்மா அங்க சாப்பிடாம இருக்கா. வாங்க."

"நிஜமா?"

"நிஜமா."

எத்தனையோ வார்த்தை வைத்திருந்தேன். வேற என்ன சொல்றது? நிஜம்தானே!

அப்பா என் முகத்தையே பார்த்தார். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். நேரக்காப்பாளர் உள்ளிருந்தே, "ஜனம் ஏறட்டும், நீங்க போங்க. கூப்பிடறேன்" என்றார்.

கொட்டகையைச் சுற்றி வந்ததும் அப்பா நின்றுவிட்டார். பாய், பாத்திரம், பட்டம், நாங்கள். வாய் பிளக்கவில்லை. "அட" என்றார், அவ்வளவுதான். ஷூவைக் கழற்றினார், அப்புறம் சாக்ஸையும். புல்லில் வெறுங்காலை வைத்து ஒரு நிமிஷம் சும்மா நின்றார். அம்மா ஊட்டாத குறையாகத் தட்டை நீட்டினாள். நாலு வாய் சாப்பிட்டார். அக்கா நூலைக் கையில் கொடுத்தாள். விரலில் சுற்றிக்கொண்டு, வானத்தைப் பார்க்க வசதியாகச் சாய்ந்தார்.

தூங்கிவிட்டார்.

பட்டம் மேலே ஆடிக்கொண்டிருக்கிறது, அதைப் பிடித்திருக்கிறவர் குறட்டை விடுகிறார். யாரும் எழுப்பவில்லை. அக்கா அவர் விரலுக்குக் கொஞ்சம் மேலே நூலைப் பிடித்துக்கொண்டாள், இழுப்பு அவர் கைக்குத் தெரியாதபடி. அம்மா முந்தானையால் அவர் முகத்துக்கு நிழல் பிடித்தாள். அத்தை — எங்கள் அத்தை! — ரகசியக் குரலில் பேசினார்: "சின்ன வயசுலயும் இப்படித்தான் வாயைத் திறந்து தூங்குவான்." திறந்த வாய், பக்கத்தில் வாழைப்பழத் தோல், கைக்கெட்டிய தூரத்தில் நான்! கையை மடித்து உட்கார்ந்திருந்தேன். விரதத்தின் உச்சகட்டம் அது.

கொட்டகையிலிருந்து குரல் வந்ததும் நான்தான் எழுப்பினேன். "அப்பா, பஸ்." துள்ளி எழுந்து, நூலைப் பார்த்து, பட்டத்தைப் பார்த்து, "இன்னும் நிக்குதே!" என்றார். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார்.

மே 17

விரதம் முடிந்தது. அக்காவின் பேஸ்ட்டில் உப்பு. ஆஹா!

மே 31

அக்கா நாளை மறுநாள் கிளம்புகிறாள். இன்றைக்கு அப்பாவுக்கு வார விடுப்பு. விடிந்ததும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "கிளம்புங்க எல்லாரும்."

"எங்க?" என்றாள் அம்மா.

"வாங்க சொல்றேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சத்தியமா எனக்குத் தெரியாது!

அப்பா ஓட்டுகிற அதே தடம், வேறு டிரைவர். கடைசி நிறுத்தத்துக்கு ஐந்து டிக்கெட் எடுத்தார். அக்காவை நகரச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார், சின்னப் பிள்ளை மாதிரி. வழியெல்லாம், "அட, இங்க ஒரு பூக்கடை இருக்கா?" "இந்த வீட்டுக்கு எப்ப நீலம் அடிச்சாங்க?" தினமும் போகிற தெரு, அவர் பார்த்ததெல்லாம் ரோடு மட்டும். அக்கா அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினாள்.

நிறுத்தம் வரும்போதெல்லாம் அப்பாவின் வலது கால் மட்டும் தரையை அழுத்தியது.