சந்தோஷுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

துபாய், ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு எபினேசர் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை விடாமல் போடுகிறார்களா? எனக்குச் சுகம்தான்.

போனில் பேசினால் அறையில் இருக்கும் சந்தோஷ்குமாருக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம். நம்ம மாகறல் சந்தோஷ்தான்.

போன வாரம் ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்டார்கள். நான் எழுந்து, "சந்தோஷ் பிரதர் குடியிலிருந்து விடுபட ஜெபிங்க" என்றேன். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். யாரோ அதை வாட்ஸ்அப் குழுவில் போட, ஊரில் அவன் மனைவி சிம்ரன் வரை போய்விட்டது.

"பேரு சொல்லாம ஜெபம் பண்ணத் தெரியாதா உனக்கு? அவ அத்தப் படிச்சிட்டு அழுதுக்கினு இருக்கறாபா" என்றான். அதோடு என்னோடு பேசுவதையே விட்டுவிட்டான்.

போதகரோ, "சத்தியத்தைத் தைரியமா சொன்னீங்க" என்று முதுகில் தட்டுகிறார். எரிச்சலாக வருகிறது, அப்பா. சொன்னது பொய்யில்லை. ஆனால் அன்று காலை அவன் என் போர்வையில் வாந்தி எடுத்திருந்தான். அந்தக் கோபத்துக்குத்தான் ஜெபம் என்று பெயர் வைத்தேன். கிருபையைப் பற்றிப் பாட்டு மட்டும் சத்தமாகப் பாடுகிறேன்.

காஞ்சிபுரத்தில் பஸ் ஏறி ஒருமுறை மாகறல் போய் சிம்ரனைப் பாருங்கள். ஜெபம் எதுவும் வேண்டாம். "என் பிள்ளை செய்தது தப்பு" என்று நீங்கள் சொன்னால் போதும். அவனிடம் அதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அம்மாவைப் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு பேருக்கு.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் வந்துவிட்டது. இந்த வாரம் சமையல் அவன் முறை. என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் என் பங்குச் சோற்றைத் தட்டில் போட்டு, மூடி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான்.

உங்கள் மகன்,
எபினேசர்