பாரெண்டுக்குப் பேரேட்டில் பக்கம் இல்லை

ஆம்ஸ்டர்டாம்,
1688 அக்டோபர் 9, சனிக்கிழமை.

என் பிரியமுள்ள யோரிஸுக்கு, வெண்டெலா எழுதுவது. நானும் நேலும் உடம்பளவில் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். வேண்டிக்கொண்ட கையோடு திட்டவும் செய்கிறேன். இரண்டையும் அவர் கேட்டுக்கொள்ளட்டும்.

நீங்கள் அனுப்பிய நாலு வரி வந்து சேர்ந்தது. வியானனில் படுக்க இடம் கிடைத்துவிட்டது, நம் ஊர்ச் சேவகர்கள் அங்கே கால் வைக்க முடியாது, ஆகவே கவலைப்படாதே என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய கவலையைச் சொல்கிறீர்கள்? சோப்புக் கொப்பரை அணைந்து பன்னிரண்டு நாளாகிறது. வேலையாட்கள் இருவரும் புதன்கிழமையோடு நின்றுவிட்டார்கள். ஆறு வயது நேல், அப்பா எண்ணெய் வாங்கப் போயிருக்கிறார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மூன்று வேளையும் மோர்க்கஞ்சிதான். அதற்கு அவள் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் செய்த காரியத்தை உங்கள் வாயால் கேட்கும் பாக்கியம் எனக்கு இல்லை. தரகர் எவெர்ட்தான் சொன்னார். ஜூன் மாதம் பங்குச் சந்தை முற்றத்துத் தூணடியில் பங்கு வியாபாரி பாரெண்டோடு கையடித்தீர்களாமே. கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்கு ஒன்றை அக்டோபர் பதினைந்தில் பதினாறாயிரம் கில்டர் கொடுத்து எடுத்துக்கொள்வதாக. கையிலிருந்து ஒரு காசு போகவில்லை, விலை ஏறியதும் விற்று லாபம் பார்க்கலாம் என்று நினைத்தீர்கள். பிறகு யுத்தப் பேச்சு கிளம்பியது, படை கப்பலேறப் போகிறது என்றார்கள். பங்கு பதினோராயிரத்துக்கு இறங்கியது. நடுவிலுள்ள ஐயாயிரத்துக்கு வீடும் கொப்பரையும் போய்விடும் என்று பயந்து ஓடிவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், யோரிஸ். பத்து வருஷமாகப் பக்கத்தில் படுத்திருப்பவள் நான்.

திங்கட்கிழமை அப்பாவின் பங்கை விற்றுவிடுவதென்று முடிவு செய்தேன். கல்யாண ஒப்பந்தத்தில் என் பெயருக்கென்றே அவர் எழுதிவைத்தது. விற்று, பாரெண்டின் ஐயாயிரத்தை முகத்தில் எறிந்துவிட்டு உங்களைக் கூட்டி வரலாம் என்று கணக்குப் போட்டேன். முதலில் நேரே கம்பெனி மாளிகைக்கே போனேன், எங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று. அங்கிருந்தவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். "கம்பெனி ஒரு தடவ வாங்குன பணத்தத் திருப்பித் தராதும்மா. ஒங்களுக்குப் பதிலா இன்னொருத்தர் பங்காளியா வரணும். அவரத் தேடிப் புடிச்சு இங்க கூட்டிட்டு வாங்க, பேர மாத்தித் தர்றோம்" என்றார்.

தேடினேன். பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்ததும் ஆண்களோடு ஆணாக இடித்துக்கொண்டு உள்ளே போய், இரண்டு மணிக்கு மணியடித்துத் துரத்தும் வரை மூன்று நாள் நின்றேன். விற்க வந்தவர்கள் நூறு பேர். வாங்க ஒருவர் இல்லை. ஜூனில் உங்களைக் கட்டித் தழுவியவர்கள் எல்லாம் என்னைக் கண்டு தூணுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். ஒருவன் மட்டும் நின்று, "என்னக்கா, சோப்புக்காரரு வழுக்கிட்டுப் போயிட்டாராமே" என்றான். பங்குக் காகிதமாக இல்லாமல் கனமான ஏதாவது கையில் இருந்திருந்தால் அவன் மண்டையில் போட்டிருப்பேன்.

வியாழக்கிழமை எவெர்ட் ஓடி வந்து, "ஆள் கெடச்சாச்சும்மா, ஆனா யாருன்னு கேட்டா திட்டுவீங்க" என்றார். பாரெண்ட். திட்டத்தான் செய்தேன். ஆனாலும் வேறு வழி? இருபது பங்கு வைத்திருக்கும் பெரிய மனிதர், இருபத்தொன்றாக இதையும் வாங்கிப் போடுகிறார் என்றுதான் நினைத்தேன். பதினோராயிரத்துக்கு அந்த இடத்திலேயே கையடித்தேன். நூறு பேர் பார்த்தார்கள்.

நேற்று இருவரும் கம்பெனி மாளிகைக்குப் போனோம், எவெர்ட்டும் கூட வந்தார். வயசான கணக்கர் பேரேட்டைத் தூக்கி வைத்து அப்பாவின் பக்கத்தை எடுத்தார். அப்பா பெயருக்குக் கீழே இருந்த என் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு அவர் பேனாவைத் தொட்டுக்கொண்டு, "ஐயா, ஒங்க பக்கம் எத்தனாவது?" என்று பாரெண்டைக் கேட்டார். பாரெண்ட் கூரையைப் பார்த்தார். "எனக்குப் புதுசா ஒரு பக்கம் போட்டுருங்களேன்" என்றார். கணக்கர் விடவில்லை. "இதுக்கு முன்னாடி ஒங்க பேர்ல பங்கே இருந்ததில்லையா? ஒண்ணு கூடவா?" என்றார். "இல்ல" என்றார் பாரெண்ட், மெதுவாக.

யோரிஸ், நான் பங்கு வியாபாரம் தெரியாதவள்தான். ஆனாலும் இது புரிய எனக்கு வெகு நேரம் ஆகவில்லை. ஜூனில் உங்களுக்கு விற்றபோது அந்த மனிதரிடம் பங்கே கிடையாது! இல்லாததை விற்றிருக்கிறார், விலை இறங்கியதும் எங்கேயாவது மலிவாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று. பதினைந்தாம் தேதி கையில் ஒரு பங்கைக் காட்டினால்தான் உங்களிடம் பணம் கேட்க முடியும். அதற்கு அகப்பட்டவள் நான். என் அப்பாவின் பங்கை என்னிடமே பதினோராயிரத்துக்கு வாங்கி, அதையே உங்கள் தலையில் பதினாறாயிரத்துக்குக் கட்ட இருந்தார். நானும் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிவிட்டேனே!

பேனாவைக் கீழே வைத்தேன். "விக்கல" என்றேன். பாரெண்ட் கத்தினார்: "கையடிச்சது கையடிச்சதுதான்! பேச்சு மாறுறியே, வெக்கமா இல்ல?" வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேரேட்டை நானே மூடிவிட்டு வந்தேன். அவர் என்மேல் வழக்குப் போடப்போகிறாராம். போடட்டும்.

வெளியே வந்ததும் எவெர்ட்டைப் பிடித்து உலுக்கினேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சட்டம் இருக்குதும்மா. தன் பேர்ல இல்லாத பங்க வித்தா அது செல்லாது. யோரிஸ் நேர்ல வந்து நோட்டரி முன்னால நின்னு, எனக்கு வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஆனா தூணடியில யாரும் அதச் சொல்ல மாட்டாங்க. சொன்னவன் கையில அப்புறம் எவனும் கையடிக்க மாட்டான்." முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, பாரெண்டிடம் பங்கு இல்லை என்பது தனக்கும் தெரியாது என்றார்.

உங்களை எனக்குத் தெரியும். வீடு போனாலும் போகட்டும், சொன்ன சொல் மாறமாட்டேன் என்று அங்கே உட்கார்ந்து பெருமை பேசுவீர்கள். நான் மாறிவிட்டேன், யோரிஸ். பட்டப்பகலில், கணக்கர் முன்னால், உங்களுக்கு முந்திக்கொண்டு மாறிவிட்டேன். நேற்று சாயங்காலம் சந்தைப் பக்கம் போனபோது என்னைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். நம் குடும்பப் பெயர் கெட வேண்டிய அளவுக்குக் கெட்டாகிவிட்டது. இனி நீங்கள் வந்து கெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

பதினைந்தாம் தேதி வரும் வரை உங்களை யாரும் தொட முடியாது. நோட்டரியிடம் கேட்டுவிட்டேன். அன்று மத்தியானத்துக்குள் நீங்கள் வந்து நிற்காவிட்டால், ஓடிப்போனவர் கடனை ஒப்புக்கொண்டவர்தான் என்று கதவில் முத்திரை வைத்துவிடுவார்களாம். ஓடிப்போனவரின் மனைவி என்று என் பங்கையும் விடமாட்டார்களாம். அதற்கும் அவர் ஒரு வழி சொன்னார். நாளைக்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம் என்று ஒரு காகிதத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். யோரிஸோடு எனக்குப் படுக்கையும் இல்லை, பந்தியும் இல்லை, பொருளும் இல்லை, இனி அவர் யாரோ நான் யாரோ என்று அதில் எழுதியிருக்கிறது. குழந்தைக்குச் சோறு வேண்டுமென்றால் அதைச் செய்யத்தான் வேண்டும் என்றார். கெட்ட மனிதரில்லை. பார்த்துப் பார்த்து நல்ல தமையன்போலத்தான் சொன்னார்.

அந்தக் காகிதம் இதோ இந்த மேஜைமேல்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அதன்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று.

வியாழக்கிழமை வரும் படகுகள் எல்லாவற்றுக்கும் நான் கரையில் நிற்பேன். தாடி வளர்ந்திருந்தாலும் சட்டை அழுக்காயிருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. திட்டமாட்டேன் என்று சொல்லவில்லை. திட்டுவேன். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வருவேன். வெள்ளிக்கிழமை காலைப் படகிலும் நீங்கள் இல்லையென்றால் நேலுக்காகக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். நான் செய்துவிடக்கூடியவள் என்று உங்களுக்குத் தெரியும். கர்த்தர் உங்களை வழியில் காப்பாராக. என்னைச் செய்யவிடாதீர்கள், யோரிஸ். வந்துவிடுங்கள்.

இன்று வரை உங்கள் மனைவி,
வெண்டெலா