திரும்பிப் போகாதவர்கள்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலம்தானே? ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் தாண்டிவிட்டதே, அம்மாவுக்கு இப்போது மூச்சு எப்படி இருக்கிறது? வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸை எந்த நிறுவனத்திலிருந்து வைப்பது என்று அப்போது குழம்பினாயே, இனி கவலையை விடு. இதயம் பலவீனமானவர்களை வீட்டில் கவனிக்கும் நிறுவனங்களுக்கு மதிப்பெண் போடுவதுதானே என் வேலை! நான் பிடிவாதம் பிடித்துச் சேர்க்கச் சொன்ன நிறுவனம்தான் இந்த வருடமும் முதலிடம். வீடு திரும்பிய முப்பது நாளில் அவர்களுடைய நோயாளி ஒருவர்கூட மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அந்த அளவுகோலை எழுதியவனே உன் தம்பிதான். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 9

டேய் கணக்குப்பிள்ளை,

உன் காலர் கிடக்கட்டும். அம்மாவுக்குச் செருப்பு காலில் ஏற மாட்டேன் என்கிறது, அப்படி ஒரு வீக்கம். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். எடையும் ஏறியிருக்கிறது. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். "அவசரப்படாதீங்கக்கா. வீட்டுக்கு வந்து ஒரு மாசம் முடியட்டும்னு ஆபீஸ்ல சொல்றாங்க" என்றாள். மாசத்துக்கும் அம்மா காலுக்கும் என்னடா சம்பந்தம்? எனக்கு மனசே சரியில்லை. உடனே பதில் போடு.

அக்கா


மார்ச் 11

அக்கா,

"எதுவும் கேக்காத, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்று போனில் கத்தினேனே, காரணம் இதுதான். முதலிடம் வந்த நிறுவனத்தின் நோயாளிகளுக்கு வாழ்த்துச் சொல்ல, இந்த வருடம் முதல்முறையாக நானே வீடுகளுக்குப் போன் போட்டேன். முதலில் ஒரு தையல்காரர் வீடு. அவர் மனைவி எடுத்தார். "ஆஸ்பத்திரிப் பக்கமே போகாம சமாளிச்சிட்டாரே, வாழ்த்துக்கள்மா" என்றேன். "நாற்காலியிலயே உயிர் போயிடுச்சுப்பா. ஆஸ்பத்திரிக்குத்தான் போகல" என்றார்.

ஐயோ அக்கா! என் அளவுகோலில் அவருக்கு முழு மதிப்பெண். அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டை அழைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார்களா என்று கேட்கத் தெரிந்த எனக்கு, உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றவே இல்லையே!

அம்மா எப்படி இருக்கிறாள்? ஏன் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய்?

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

அம்மா பிழைத்துக்கொண்டாள். நெஞ்சு முழுக்க நீர் கோத்திருந்ததாம். இன்னும் ஒரு ராத்திரி தாங்கியிருக்க மாட்டாள் என்றார் டாக்டர். அவள் கையை விட்டுவிட்டுப் போனை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று அந்த நிறுவனத்து மேலாளர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். நலம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரக்கூட இல்லை. "இன்னும் நாலு நாள் பொறுத்திருக்கக் கூடாதாம்மா? எங்க மார்க்கே போச்சு" என்றார்.

அம்மா தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் போனதும் கண்ணைத் திறந்து கேட்டாள்: "நான் உசுரோட இருக்கறதுல அவங்களுக்கு மார்க் கொறையுதா? எந்தப் பாவிடி போட்டான் இந்தக் கணக்க?"

நான் சொல்லவில்லை. நீயே வந்து சொல்லு.

அக்கா